அப்பாவின் இதயத்துக்கு முதலில் எது: குளிசையா, சுருட்டை விடுவதா, உப்பா, நடையா?

அறுபது தாண்டிய தாய் தகப்பனை வன்னியில் வைத்திருக்கும் பிள்ளைகள், பக்கத்து வளவில் இருந்தாலும் சரி, ரொறன்ரோவில் இருந்தாலும் சரி, சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான். "அப்பாவுக்குப் பிரஷர் இருக்கு, சீனியும் கொஞ்சம் இருக்கு. சுருட்டை விடமாட்டார். கருவாடு இல்லாட்டிச் சோறு இறங்காது. எல்லாத்தையும் மாத்தச் சொன்னா வீட்டில சண்டைதான். எதில தொடங்கிறது?"

நல்ல கேள்வி. எழுபது வருடப் பழக்கங்களை ஒரு கிழமையில் மாற்றச் சொல்கிற வீட்டில் கடைசியில் ஒன்றுமே மாறுவதில்லை. வயதானவர் ஒன்றுக்குச் சம்மதிப்பார், மிஞ்சிப்போனால் இரண்டுக்கு. அந்தச் சம்மதத்தை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

"எங்கட பரம்பரையே அப்படித்தான், நெஞ்சு நோ வந்துதான் போறது" என்று தொடக்கத்திலேயே கையை விரிப்பவர்களுக்கு ஒரு தகவல். 52 நாடுகளில் நடந்து 2004 இல் வெளிவந்த இன்ரர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஆண்களில் 90 வீதத்தையும் பெண்களில் 94 வீதத்தையும் ஒன்பது காரணிகளுக்குள் அடக்கிக் காட்டியது. புகைத்தல், இரத்தக் கொழுப்பு, பிரஷர், நீரிழிவு, தொந்தி, மனஅழுத்தம், பழமும் மரக்கறியும் போதாமை, உடலசைவு இல்லாமை, மது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53. மற்றவர்களுக்கு 59 அளவில். ஏறக்குறைய ஆறு வருடம் நாங்கள் முந்திக்கொள்கிறோம். ஆனால் அந்த ஒன்பதும் ஒரே கனம் கொண்டவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதிலும் எழுபது வயதில்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, பலனின் அளவு. ஆள் கூடுதல் காலம் நன்றாக இருப்பாரா, அல்லது ரிப்போர்ட்டில் ஓர் எண் மட்டும் அழகாகுமா?

இரண்டாவது, பலன் எப்போது வரும். நாற்பது வயதுக்காரருக்கு இருபது வருடம் கழித்து வருகிற பலனும் பலன்தான். 74 வயது அம்மாவுக்கு ஓரிரு வருடத்துக்குள் வர வேண்டும்.

மூன்றாவது, உண்மையான செலவு. இலவச மருந்துக்கும் செலவு உண்டு: பஸ், ஒரு முழுக் காலை, கூடப் போகிறவரின் நாள்கூலி.

நான்காவது, ஒரு வருடம் நிலைக்குமா. மகன் லீவில் வந்து நிற்கிற மூன்று கிழமைக்கு மட்டும் நடக்கிற எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஐந்தாவது, முதுமையில் அது கொண்டுவரும் ஆபத்து. விழுந்து இடுப்பு முறிவது, உள்ளே இரத்தம் கசிவது, சிறுநீரகம் பழுதாவது. கடைசியாகச் சொன்னதை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடமத்திய மாகாண விவசாயிகளைப் பிடித்த, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் இருக்கிறது. கொழும்புக்காரருக்கோ லண்டன்காரருக்கோ சொன்ன ஆலோசனையை அப்படியே எடுத்து இங்கே ஒரு வயற்காரருக்குப் பொருத்த முடியாததற்கு அதுதான் காரணம்.

## பிரஷர் குளிசை

சின்ன வெள்ளைக் குளிசை, பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் மேலே சொன்ன முதல் இரண்டு அளவுகோல்களிலும் இதற்குப் பக்கத்தில் வரக்கூடியது புகையிலையை விடுவது மட்டும்தான்.

"இந்த வயசுக்கு 160 இருக்கத்தானே செய்யும்" என்ற பேச்சை வைத்தியர்களே ஒரு காலத்தில் பேசினார்கள். 80 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷரைக் குறைப்பது நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்காகவே நடந்த ஹைவெற் ஆய்வு 2008 இல் அதற்கு முடிவு கட்டியது. 3,845 பேர். இலக்கு 150/80, அப்படியொன்றும் கடுமையானதல்ல. இன்டாபமைட் என்ற விலை குறைந்த குளிசை, தேவைப்பட்டவர்களுக்கு இன்னொன்று. மரணம் 21 வீதம் குறைந்தது, இதயம் செயலிழப்பது 64 வீதம் குறைந்தது. அதுவும் இரண்டு வருடம் போவதற்குள். 80 வயதில் தொடங்கியே இப்படி என்றால் 65 இல் தொடங்கத் தயங்க ஒரு காரணமும் இல்லை.

கையால் கொடுக்கிற காசு குறைவு. 35 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தொற்றா நோய்ப் பரிசோதனை அரச வைத்தியசாலைகளில் இலவசம். பிரஷர் இருப்பது உறுதியானால் கிளினிக் கொப்பி ஒன்று தந்து, ஒரு மாதக் குளிசையையும் தந்துவிடுவார்கள். சாதாரண பிரஷருக்கு யாழ்ப்பாணம் போகத் தேவையில்லை. பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையே போதும்.

மறைந்த செலவுகள் கிளினிக் நாளில்தான் தெரியும். விடியப் பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, பத்தரை பதினொன்றுக்கு டொக்டரைக் கண்டு, பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை. இதில் பலரும் கவனிக்காத ஒன்று நடக்கிறது. சீனி பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருப்பார்கள். சாப்பிடாததால் அம்மா அன்றைய பிரஷர் குளிசையையும் போடாமல் வருவார். பஸ்ஸில் நின்றபடி பயணம், வெயில், வரிசையில் ஒரு வாய்த்தர்க்கம். கையில் பட்டியைச் சுற்றும்போது 170. டொக்டர் அளவைக் கூட்டுவார். வீட்டில் ஒழுங்காகப் போடும்போது அந்தக் கூடின அளவு பிரஷரைக் கீழே இறக்கி, இரவில் எழும்பி வெளியே போகும்போது தலையைச் சுற்றி விழுத்திவிடும். பிரஷர் குளிசையைப் பொதுவாக ஒரு மிடறு தண்ணீருடன் வெறும் வயிற்றிலும் போடலாம், வேண்டாம் என்று சொல்லப்படுவது சீனிக்குளிசைக்கும் இன்சுலினுக்கும்தான். உங்கள் கிளினிக்கில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. அன்று காலை போட்டாரா இல்லையா என்பதை டொக்டரிடம் சொல்லுவதும் முக்கியம்.

இடையில் விடுகிற காரணங்களும் தெரிந்தவைதான். "இப்ப 130 தான், சுகமாயிட்டுது" என்று நிறுத்துவது. அம்லோடிப்பின் போட்டு கால் வீங்கினால் "சிறுநீரகம் பழுதாப்போச்சு" என்று பயந்து நிறுத்துவது. எனலப்ரில் போட்டு வறட்டு இருமல் வந்தால் சொல்லாமல் நிறுத்துவது. இரண்டுமே அந்தந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவுகள். டொக்டரிடம் சொன்னால் வேறொன்றுக்கு மாற்றித் தருவார்.

அப்புறம், முழங்கால் நோ. கடையில் வாங்கும் டைக்குளோபினாக், இபுபுரோபன் வகை நோக்குளிசைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அறுவடைக் காலத்தில் இதைத் தினமும் விழுங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள் எவ்வளவு பேர்! பிரஷர் இறங்கவில்லை என்று புதுக்குளிசை கேட்க முதல், அந்தச் சின்னப் பையில் வேறென்ன இருக்கிறது என்று கொட்டிப் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டுக் காசு அனுப்புபவர்கள் ஒரு சாமான் வாங்கிக் கொடுப்பதென்றால் மேற்கையில் சுற்றும் பிரஷர் மெஷினை வாங்கிக் கொடுக்கலாம். ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஒருதரம், எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து இன்னொருதரம். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அதை எழுதிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

## புகையிலையை விடுவது

செலவில்லாத வழி. செலவில்லை என்பதைவிட, காசு மிச்சமாகிற ஒரே வழி.

இங்கிலாந்தில் 1951 இல் தொடங்கி, 34,000 க்கும் அதிகமான ஆண் வைத்தியர்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் கணக்கு 2004 இல் வந்தது. வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர் சராசரியாகப் பத்து வருடத்தை இழக்கிறார். 60 வயதில் விட்டவருக்கு அதில் மூன்று வருடம் திரும்பக் கிடைக்கிறது, 50 இல் விட்டால் ஆறு, 40 இல் விட்டால் ஒன்பது. "இனி விட்டென்ன விடாட்டியென்ன" என்று கேட்கிற ஐயாவுக்கு அந்த மூன்று வருடத்தைச் சொல்லலாம். இதய ஆபத்து வேகமாகவே இறங்கும். விட்டு ஒரு வருடத்துக்குள் கூடுதல் ஆபத்தில் பாதியளவு போய்விடும்.

குறைப்பது வேறு, விடுவது வேறு. நாளுக்கு ஒன்று மட்டும் புகைப்பவருக்கு, இருபது புகைப்பவரின் கூடுதல் இதய ஆபத்தில் இருபதில் ஒரு பங்கு இருக்கும் என்றுதான் நினைப்போம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018 இல் வந்த முடிவு, கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது என்கிறது. ஆகவே "பின்னேரம் ஒண்டுதான் பத்திறன்" என்பதில் இதயத்துக்குப் பெரிய ஆறுதல் இல்லை.

இங்கே மறைந்த செலவு, பழக்கம் இடம் மாறுவது. சுருட்டை விட்டவர் வாய்க்குள் புகையிலைத் துண்டோடு வெற்றிலை போடத் தொடங்குவார். மெல்லும் புகையிலையும் மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும் என்று இன்ரர்ஹார்ட்டிலேயே வந்திருக்கிறது. பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. இன்னொன்று, முதல் இரண்டு மூன்று கிழமைக்கு வருகிற எரிச்சலும் மலச்சிக்கலும். அந்த நாட்களில் வீட்டில் கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டியிருக்கும். பேரப்பிள்ளைக்கு வீசிங் இருக்கிற வீடுகளில் இது சுலபமாக நடக்கிறதைக் கண்டிருக்கிறேன். டொக்டர் சொல்லிக் கேட்காதவர் பேத்தி முகத்தைச் சுழித்தால் வெளியில் போய்ப் பற்றுவார், பிறகு அதுவும் அலுத்துவிடும்.

வீட்டில் புகைக்கிறவர் இருந்தால், அவரது ஒரே சம்மதத்தை இதற்கு வாங்குங்கள். பிரஷர் குளிசைக்குப் பெரிய சம்மதம் தேவையில்லை, அதைத் தேத்தண்ணியோடு வைத்துவிடலாம்.

## உப்பு

ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற எங்களிடம் உப்பைக் குறை என்றால் யார் கேட்பார்? ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், மட்டமாக ஒரு தேக்கரண்டி. இரண்டு வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் 400 கிராம் உப்புப் பைக்கற் 40 நாள் போக வேண்டும். மீன் கழுவ, ஊறுகாய் போட எடுப்பதைக் கழித்தும் அது மூன்று கிழமையில் முடிந்தால் விஷயம் விளங்கும். இதற்குமேல் பாண், ரின்மீன், மிக்சர், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் வெளியிலிருந்து வருகிற உப்பு.

நாளுக்கு 4 கிராம் அளவில் குறைத்தால், பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 5 இறங்கும். ஒரு குளிசை செய்கிற வேலையில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். நல்லதுதான், ஆனால் 170 இல் இருப்பவருக்கு இது குளிசைக்குப் பதிலாகாது.

கிராமங்களுக்குப் பொருந்துகிற ஒரு பெரிய ஆய்வு சீனாவில் நடந்தது. 600 கிராமங்கள், ஏறக்குறைய 21,000 பேர், சராசரி வயது 65. பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பு. மற்றப் பாதிக்கு நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைட் கலந்த உப்பு. ஐந்து வருடம் பார்த்து 2021 இல் வெளியிட்டார்கள். மாற்று உப்புக் கிராமங்களில் பாரிசவாதம் 14 வீதமும் மரணம் 12 வீதமும் குறைந்தது. சமையல் மாறவில்லை, உப்புப் போத்தல் மட்டும் மாறியது.

உடனே வெளிநாட்டில் இருந்து "லோ சோடியம்" உப்பு வாங்கி அனுப்பக் கிளம்பாதீர்கள். முன்பு சொன்ன சிறுநீரகக் கதை இங்கேதான் வந்து இடிக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கும், எனலப்ரில், லோசார்ட்டன், ஸ்பைரோனோலக்ரோன் போன்ற குளிசை போடுபவருக்கும் பொட்டாசியம் ஏறிப்போய் இதயத் துடிப்பே குழம்பலாம். சீன ஆய்விலும் கடுமையான சிறுநீரக நோயாளர்களைச் சேர்க்கவில்லை. இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்காமல் அந்த உப்பை வன்னி வீடொன்றுக்குள் கொண்டுபோவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதைவிடச் சாதாரண உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நல்லது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்ப ஒருதரம் ஊறவைத்துச் சமைத்தால் உப்பில் கணிசமானது போய்விடும். சோற்றுக்கு உப்புப் போடும் வழக்கத்தை நிறுத்தலாம். சொதிக்குத் தேசிக்காயைக் கூட்டினால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. முற்றாக உப்பை வெட்டினால் வயதானவர் சாப்பாட்டையே குறைத்துவிடுவார். மெலிந்த ஆச்சிக்கு அது பிரஷரைவிடப் பெரிய ஆபத்து. தண்ணீர்க் குளிசை (சிறுநீரைக் கூட்டிப் பிரஷரை இறக்குவது) எடுத்துக்கொண்டு சித்திரை வெயிலில் தோட்டம் கொத்துபவருக்கு உடம்பில் சோடியம் இறங்கி மயக்கமும் தடுமாற்றமும் வரலாம்.

## நடை

வயலுக்குப் போகிறவருக்கு நடக்கச் சொல்வது பகிடியாகத் தெரியும். உண்மைதான், காலபோகம் நடக்கிற மாதங்களில் அவருக்கு அது தேவையில்லை. சிக்கல் அறுவடைக்குப் பிறகு. அல்லது மகன் உழவு இயந்திரத்தைப் பொறுப்பெடுத்து, அப்பா விறாந்தையில் கதிரை போட்டு இருக்கத் தொடங்கிய பிறகு.

பத்தாயிரம் அடி என்பது 1960களில் யப்பானில் அடி எண்ணும் கருவியொன்றை விற்கும்போது பிரபலமான எண். சராசரி 72 வயதான 16,000 க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை வைத்து 2019 இல் வந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் 41 வீதம் குறைவு. 7,500 க்கு மேல் போனதில் கூடுதல் பலன் தெரியவில்லை. வேகமும் பெரிய விஷயமாக இருக்கவில்லை. நடக்க முடிந்தவர்கள் ஏற்கனவே உடல் நலமாக இருப்பவர்கள் என்பதால் அந்த 41 ஐ அப்படியே நம்ப வேண்டாம், பாதியை எடுத்தாலும் நல்ல பேரம்தான்.

எங்கள் ஊர்ச் செலவுகளைச் சொல்லாவிட்டால் இது வெள்ளைக்காரர் ஆலோசனையாகிவிடும். விடியப்புறம் யானை நடமாடுகிற ஊர்களில் காலை ஐந்து மணி நடை வேண்டாம். தெருநாய், வெளிச்சமில்லாத ஒழுங்கை, மழைக்குப் பிறகு வழுக்கும் கிரவல். காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு, கோயில் வீதியைச் சுற்றுவது பாதுகாப்பு. செருப்பு பின்பட்டி உள்ளதாக இருக்கட்டும்.

போரில் கால் இழந்தவர்கள், முதுகில் சன்னத்துண்டு இருப்பவர்கள் எங்கள் முதியவர்களில் கொஞ்சமல்ல. அவர்களிடம் நடையைச் சொல்லிக் குற்ற உணர்வு ஏற்றக் கூடாது. கதிரையில் இருந்தபடி கைகளை உயர்த்தி இறக்குவது, தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவது, முடிந்தால் கையூன்றாமல் பத்துத் தரம் எழுந்து இருப்பது. இவையும் கணக்கில் வரும். விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனமும்.

நடைக்கு மற்ற வழிகளிடம் இல்லாத ஒரு பலம் உண்டு. துணைக்கு ஒருவர் வருவார். பிள்ளைகள் எல்லாம் வெளியில், மனுசியும் போய்விட்டார், பேச ஆளில்லை என்ற நிலையில் இருக்கிற ஐயாமார் இங்கே அதிகம். தனிமையும் மனச்சோர்வும் இதய நோயோடு சேர்ந்தே வருகின்றன. கோயிலடி வரை நடந்து, திரும்பும்போது கடையில் பிளேன்ரீ குடித்துக் கதைத்துவிட்டு வருவதை உடற்பயிற்சிக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

## தேங்காய், அரிசி, சீனி

வீடுகளில் நேரம் அதிகம் போவது இந்த வாதத்தில்தான், பலன் குறைவும் இதில்தான். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு, அது கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும். இரண்டாம் பாலில் சொதி வைப்பதும், பொரியலைக் குறைப்பதும் போதும். சம்பலைத் தடைசெய்து 70 வயதில் என்ன காணப்போகிறோம்? மொட்டைக்கறுப்பன் அரிசியோ குரக்கனோ நல்லது, ஆனால் மூன்று கோப்பை சிவப்பரிசிச் சோறும் சீனியை ஏற்றும்.

நீரிழிவு இருந்தால் மட்டும் கதை மாறும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது நாளுக்கு ஐந்தாறு தரம் குடிக்கிற தேத்தண்ணியில் போகும் சீனி. பனங்கட்டிக்கு மாறினால் தப்பலாம் என்பது வீண் நம்பிக்கை, அதுவும் சீனிதான். சூடை, சாளை போன்ற மலிவான சின்ன மீனைக் குழம்பாக வைத்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பிட்டால் நல்லது. முருங்கையிலை வளவிலேயே நிற்கிறது.

## முழு உடம்புச் செக்அப்பும் வெளிநாட்டுக் குளிசைப் போத்தலும்

அன்போடு செய்யப்படுவது, அதனால் சொல்லக் கொஞ்சம் சங்கடம். ஆனால் காசுக்குப் பலன் மிகக் குறைவாக இருப்பது இதில்தான். ஒரு நாள் வான் பிடித்து யாழ்ப்பாணமோ கொழும்போ போய், இருபது இரத்தப் பரிசோதனை, ஈசீஜி, ஸ்கான். எல்லாம் "நோர்மல்" என்று வந்தால் அப்பா அன்றிரவே சுருட்டைப் பற்றவைப்பார். படுத்திருக்கும்போது எடுத்த ஈசீஜி ஒழுங்காக இருப்பதால் இதயக் குழாயில் அடைப்பில்லை என்றாகாது.

மீனெண்ணெய்க் குளிசை? 25,000 க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2018 இல் வந்த வைற்றல் ஆய்வில், அது மாரடைப்பு, பாரிசவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது குறைக்கவில்லை. விற்றமின் டியும் அப்படியே. அதைவிடக் கவலை, "இரத்தத்தை இளக்க" என்று தானாகத் தொடங்கும் தினசரி அஸ்பிரின். இதய நோய் இல்லாத, 70 வயது தாண்டிய 19,000 பேரை வைத்து அதே வருடம் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் இதயத்துக்கு நன்மை தெரியவில்லை, இரத்தக்கசிவுதான் கூடியது.

காசு செலவழிக்க வேண்டிய இடம் வேறு. நடந்தால் நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்றால், படுக்க மூச்சு முட்டுகிறது என்றால், அப்போது செக்அப் பொதி வேண்டாம், நேராக இதய வைத்திய நிபுணரிடம் போக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் | எப்போது | மறைந்த செலவு | ஒரு வருடம் நிலைக்குமா |
|---|---|---|---|---|
| பிரஷர் குளிசை | மிகப் பெரிது | 1–2 வருடத்துக்குள் | கிளினிக் நாள், தலைசுற்றி விழுதல் | பழகினால் நிலைக்கும் |
| புகையிலையை விடுவது | மிகப் பெரிது | ஒரு வருடத்துக்குள் | எரிச்சல், வெற்றிலைக்கு மாறுவது | முதல் மூன்று மாதம் தாண்டினால் |
| உப்பைக் குறைப்பது | நடுத்தரம் | கிழமைக் கணக்கில் | பசி குறைதல்; மாற்று உப்பென்றால் சிறுநீரகம் | சமைப்பவர் கையில் |
| நடை | நடுத்தரம் முதல் பெரிது | மாதக் கணக்கில் | விழுதல், யானை, நாய் | துணை இருந்தால் |
| தேங்காய், அரிசி வாதம் | சிறிது (நீரிழிவு இருந்தால் கூடுதல்) | மெதுவாக | வீட்டுச் சண்டை | அரிது |
| செக்அப், போத்தல் குளிசை | மிகச் சிறிது | – | காசு, பொய்யான நிம்மதி | – |

## யாருக்கு எது

புகைக்கிறார், பிரஷரும் இருக்கிறது: குளிசையைச் சத்தமில்லாமல் தொடங்குங்கள், பேச்சையெல்லாம் புகையிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பைப் பற்றி இந்த வருடம் வாய் திறக்க வேண்டாம்.

புகைப்பதில்லை, பிரஷர் 140/90 ஐத் தாண்டி நிற்கிறது: குளிசை, அதோடு உப்பு. சமைக்கிறவரிடம் பேசுங்கள், சாப்பிடுகிறவரிடம் அல்ல.

பிரஷர் 130 அளவில் இருக்கிறது, புகையில்லை, சீனி எல்லைக்கோட்டில், தனிய இருக்கிறார்: நடை. குளிசையைத் தேடிப் போக வேண்டாம்.

80 தாண்டிவிட்டார், மெலிந்துவிட்டார், ஏற்கனவே ஒருதரம் விழுந்தவர்: இலக்கைத் தளர்த்தி 150 அளவில் வைத்தாலே போதுமா, எந்தக் குளிசையைக் குறைக்கலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள். உப்பு, தேங்காய்த் தடைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். சாப்பிட்டால் போதும்.

சிறுநீரகக் கிளினிக் கொப்பியும் வைத்திருக்கிறார்: நோக்குளிசையை நிறுத்துவதுதான் அவருக்கு முதல் வேலை. மாற்று உப்பு வேண்டவே வேண்டாம். இரண்டு கொப்பிகளையும் இரண்டு டொக்டருக்கும் காட்டுங்கள்.

ஏற்கனவே மாரடைப்பு வந்தவர், அல்லது அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்க ஸ்ரென்ற் வைத்தவர்: இந்தக் கட்டுரையில் அஸ்பிரினைப் பற்றிச் சொன்னது அவருக்கல்ல. அவருடைய அஸ்பிரின், கொழுப்புக் குளிசை இரண்டும் உயிர்காக்கிற குளிசைகள். மருந்தகத்தில் இல்லை என்று துண்டு எழுதித் தந்தால் அந்த மாதம் வெளியில் வாங்கிக் கொடுங்கள், வெளிநாட்டுக் காசு உண்மையாகவே உதவுகிற இடம் அது. இவருக்கு நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ இறுக்கம் வந்து, வியர்த்துக் கொட்டினால் வாய்வு என்று சோடா வாங்கப் போகக் கூடாது. பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நோவே இல்லாமல் வெறும் மூச்சுமுட்டலாகவும் வரும். 1990 க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களுக்குள் போட்டால்தான் வேலை செய்யும். ஆகவே இந்த எண்ணை இன்றைக்கே அப்பாவின் போனிலும், பக்கத்து வீட்டுப் பொடியனின் போனிலும் பதிந்து வைத்துவிடுங்கள்.